குச்சி விட்டுப் பார்த்தவள்

எம்.ரெட்டியபட்டி முருகலட்சுமி தண்ணீர் குடிக்க மாட்டாள். கரிசல் காட்டில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், நாலு ஊர் சுற்றிவிட்டு ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறவளிடம் எந்த வீட்டிலும் முதலில் நீட்டுவது செம்புத் தண்ணீர்தான். வாங்கிக்கொள்வாள். அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொள்வாள். வெக்கை தாங்காமல் முகம் கழுவுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பன்னிரண்டு வருசமாக ஊரை அவள் ஏமாற்றியது இந்த ஒரு விசயத்தில்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இன்னொன்றும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் பெரிய ரகசியமில்லை, பெண்கள் வெளியில் சொல்லாத சங்கதி, அவ்வளவுதான். இரண்டாவது பிரசவத்தில் பிள்ளை பெரிது. ஆயுதம் போட்டு எடுத்தார்கள், தையல் போட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து இருமினால் நனைந்தது, தும்மினால் நனைந்தது, குடத்தைத் தூக்கினால் நனைந்தது. ஸ்கூட்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும். திருச்சுழி ரோட்டில் பள்ளத்துக்கு என்ன பஞ்சம்? கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் சேலை எடுப்பதை விட்டாள். கலியாண வீட்டுக்குப் போனால் கதவோரமாக உட்கார்ந்தாள். தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்று குறைத்தாள். அது நீர்க்கடுப்பாக வந்து வருசத்துக்கு இரண்டு முறை அவளைச் சுருட்டிப் போட்டது.

புருசன் மாரீஸ்வரன் அருப்புக்கோட்டையில் மில் வேலை பார்க்கிறான். நல்லவன்தான். பிள்ளை பெற்றால் எல்லாப் பொம்பளைக்கும் வருகிறதுதானே என்றான் ஒருநாள். எத்தனை பொம்பளையிடம் கேட்டுப் பார்த்தான் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை, அவனும் ஏனென்று கேட்காமல் தின்றுவிட்டு ஷிப்டுக்குப் போனான். முருகலட்சுமியின் கோபம் அப்படி. வாயில் வராது, வேறு எங்காவது போய் நிற்கும்.

அவளுடைய தொழில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது. இந்தச் சுற்றுப்பக்கத்தில் அந்த வேலை பார்க்கும் பெண் அவள் ஒருத்திதான். பயிற்சி முடித்து முதல்முதலாக ஸ்கூட்டியில் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பளை ஊசிக்காரர்கள் சிரித்த சிரிப்பு பாலவனத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். பத்து வருசம் ஆகிவிட்டது. இன்றைக்கு மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் வீட்டுப் பெண்கள் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள்.

அந்தக் கேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதற்குள்தான் இருக்கிறது. பார்க்கப் பால் கேன் மாதிரி இருக்கும், கழுத்து மட்டும் குறுகல். உள்ளே திரவ நைட்ரஜன். பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. அந்தக் குளிரில் காளை விந்து அடைத்த மெல்லிய குழல்கள் வருசக்கணக்கில் உயிரோடு தூங்கும். ஆனால் நைட்ரஜன் சும்மா இருக்கிற பண்டம் இல்லை. நாளும் பொழுதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகையாக எழும்பும். அது காய்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாவு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் அளவுக்குச்சி. கேனுக்குள் அடிவரைக்கும் விட்டு, கொஞ்சம் பொறுத்து வெளியே எடுத்து, காற்றில் இரண்டு வீசு வீசினால் குச்சியில் வெள்ளையாகப் பனி பூக்கும். எதுவரைக்கும் வெள்ளையோ அதுவரைக்கும் நைட்ரஜன். திங்கட்கிழமை விடிந்ததும் பல் விளக்குகிறாளோ இல்லையோ, முருகலட்சுமி குச்சி விட்டுப் பார்ப்பாள். கழுத்தில் வேர்க்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பாள். கேனின் கழுத்து வேர்த்தால், வெள்ளை பூத்தால், உள்ளே இருக்கிற குளிர் வெளியே ஓடுகிறது, கேன் சாகப் போகிறது என்று அர்த்தம்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்தக் கசிவுக்குப் புதிதாக ஒரு வைத்தியத்தை ஆராய்ச்சியாகச் செய்து பார்க்கிறார்கள் என்ற செய்தி, அருப்புக்கோட்டையில் நடந்த மகளிர் முகாமில் அவளுக்குக் கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்கு வந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நம்முடைய சதைக்குள்ளேயே சில செல்கள் விதைக்கு எடுத்து வைத்த கம்பு மாதிரி சும்மா கிடக்கும். காயம் பட்டால் மட்டும் முழித்துக்கொண்டு புதுச் சதை உண்டாக்கும். ஸ்டெம் செல் என்று பெயர். தொடையிலிருந்து ஒரு துண்டுச் சதை எடுத்து, அந்தச் செல்களைப் பிரித்து, பெருக்கி, உறைய வைத்துப் பாதுகாத்து, சோதனையெல்லாம் முடிந்த பிறகு சிறுநீர்ப் பாதையை இறுக்குகிற தசையில் ஊசியாகப் போடுவார்கள். குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆகலாம். மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

ஆகலாம் என்ற ஒரு சொல் போதும், பன்னிரண்டு வருசத் தாகத்துக்கு. கையெழுத்துப் போட்டாள்.

தை மாதம் சதை எடுத்தார்கள். மாரீஸ்வரனுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு வந்தவள் ஒச்சம்மாள். பக்கத்துத் தெரு, ஐம்பது வயது, புருசன் இல்லை, பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போகிறவள். முருகலட்சுமிக்கு மதினி முறை. முன்பு ஒரு செவலைப் பசு வைத்திருந்தாள், இப்போது இல்லை. முருகலட்சுமியின் கசிவைப் பற்றி, புருசனைத் தவிர, ஊரில் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். ஒருநாள் கிணற்றடியில் சேலை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் தன் வாளித் தண்ணீரை அவள் மேல் ஊற்றிவிட்டு, கை தவறிவிட்டது என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்ன மகராசி. அப்படிப்பட்டவள் துணைக்கு வந்தாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புளியங்கொட்டை அளவு சதைதான் எடுத்தார்கள். மரத்துப்போகிற ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. நான்கு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, லேப் பொறுப்பாளர் சௌந்தர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் விளக்கினான். அருப்புக்கோட்டை நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், லேபில் இங்கிலீஷ். வயது முப்பத்திரண்டு. சொந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள் என்றதும் அவனுக்குச் சந்தோசம், உற்சாகமாகச் சொன்னான்.

சதையைக் கீரை அரிவதை விடப் பொடியாக அரிவார்களாம். இணைப்புகளைக் கரைக்கிற திரவத்தில் ஊற வைத்து வடிகட்டுவார்களாம். வடிந்ததை ஒரு தட்டில் ஊற்றினால், முதல் இரண்டு மணி நேரத்தில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிற செல்கள் இருக்கும். அவை சாதாரணச் செல்கள், வேண்டாம். ஒட்டாமல் மிதக்கிறதை அடுத்த தட்டுக்கு மாற்றுவார்கள். மறுநாள் இன்னொரு தட்டு. இப்படி ஐந்தாறு தட்டு மாறி, கடைசியில் மெதுவாக வந்து உட்காருகிறதே, அதுதான் அவர்களுக்கு வேண்டிய செல். அதை முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வைத்து, தீனி கொடுத்துப் பெருக்கி, சின்னக் குப்பிகளில் அடைத்து, டிகிரி டிகிரியாகக் குளிர்வித்து, நைட்ரஜனில் இறக்கிவிடுவார்கள். முருகலட்சுமியின் செல்கள் முந்தின நாள்தான் கேனுக்குள் போயிருந்தன.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவள் குழலை உருக்குகிற தண்ணீரும் முப்பத்தேழு டிகிரிதான். கேனைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது, அவளுடையதைப் போல நாலு மடங்கு பெரிசு. அப்புறம் கழுத்தைப் பார்த்தாள். வெள்ளையாகப் பூத்திருந்தது. கீழே தரையில் ஈர வட்டம்.

"தம்பி, அந்தக் கேன் கழுத்து வேர்க்குது. இன்னும் ரொம்ப நாளு தாங்காது, மாத்திருங்க."

சௌந்தர் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, படித்தவன் சிரிப்பு.

"அக்கா, இது மாட்டுக் கேன் இல்ல. வெளிநாட்டுச் சாமான்."

முருகலட்சுமி வெளிநாட்டுக் கேனுக்குக் கழுத்து வேர்க்காதா என்று கேட்டிருக்க வேண்டும். பெரிய இடம், பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். பெரிய இடத்தைப் பற்றி நாமெல்லாம் நினைக்கிற வழக்கமான மடத்தனம்தான் இது, அவளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

மூன்று மாதத்தையும் சினை மாட்டுக்கு நாள் எண்ணுகிற மாதிரி எண்ணினாள். ஒரு பச்சைச் சேலை எடுத்து பீரோவில் வைத்தாள். பங்குனிப் பொங்கல் திருவிழாவில் எல்லாரும் நீர்மோர் குடிக்கையில், அடுத்த வருசம் நானும் ஒரு சொம்பு குடிப்பேன் என்று ஒச்சம்மாளிடம் சொன்னாள்.

சித்திரையில் கூப்பிட்டார்கள். ஊசி போடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பச்சைச் சேலையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒச்சம்மாளோடு விடிகாலை பஸ் ஏறினாள். லேபுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா ஆபரேசன் தியேட்டரில் இருந்தார். சௌந்தர்தான் வந்தான், முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினான்.

ஊசி போடுவதற்கு முன் ஒரு குப்பியை உருக்கி, நீல மை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். உயிருள்ள செல் மையை உள்ளே விடாது, செத்த செல் குடித்துவிடும். அவளுடைய குப்பியில் எல்லாமே நீலமாம். அவளுடைய இன்னும் இரண்டு குப்பியிலும் அப்படியேதானாம். மறுபடி சதை எடுக்க வேண்டும், இடது தொடையில்.

முருகலட்சுமி கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்டாள்.

"கோளாறு என் சதையிலயா, உங்க கேன்லயா?"

"சதையிலதான்க்கா. சில பேருக்கு செல் கொஞ்சம் வீக்கா இருக்கும். உங்க தப்பு இல்ல, உடம்பு வாகு."

கோபம் என்றால் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உப்பில்லாத குழம்பெல்லாம் கோபமே இல்லை. கால் விரலில் தொடங்கி மேலே வந்தது. ஆயுதம் போட்டு எடுத்தவர்கள் நார்மல்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். புருசன் எல்லாருக்கும் வருவதுதான் என்றான். இப்போது இவன், உன் சதையே வீக் என்கிறான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறிக்கிறது. பத்து வருசமாக மாட்டைக் கட்டி இழுத்து, கேனைத் தூக்கி, வெயிலில் வெந்த உடம்பு இது. அந்த உடம்பில் உள்ள விதையே சொத்தை என்று ஒருவன் மேசையைப் பார்த்துச் சொல்கிறான்.

ஆனால் அவள் கத்தவில்லை. கத்தினால் நனையும். அதை நினைத்ததும் கோபம் இரட்டிப்பானது.

"தம்பி, அந்தப் பழைய கேனு எங்க?" என்றாள்.

சௌந்தர் நிமிர்ந்தான். புதுசு வந்திருக்கிறது என்றான்.

"வரும்போது பாத்தேன். மாடிப்படிக்கு அடியில, ஒடஞ்ச நாற்காலிக கூட கவுத்துப் போட்டிருக்கீக. நல்லா இருந்த வெளிநாட்டுச் சாமான என்னத்துக்குக் கவுத்தீக?"

அவன் எழுந்து போய் ஒரு பதிவேட்டை எடுத்து வந்தான். தினமும் நைட்ரஜன் அளவு பார்த்து எழுதியிருக்கிறோம், நீங்களே பாருங்கள் என்று விரித்துக் காட்டினான். மாட்டு ஊசிக்காரிக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ. அவன் செய்த பெரிய தப்பு அதுதான்.

முருகலட்சுமி விரல் வைத்துப் படித்தாள். மாசி பதினைந்து போல நிரப்பியிருந்தார்கள். அன்றைக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர். மறுநாள் இருபத்திரண்டு. அதற்கு மறுநாள் இருபத்திரண்டு. பக்கம் திருப்பினாள். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. முப்பத்து நான்கு நாள் ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு.

"இது நைட்ரஜனா, கல்லா?" என்றாள். "நல்ல கேனுலயே தெனமும் கொஞ்சம் எறங்கும். இது வேர்த்துக்கிட்டிருந்த கேனு. எப்பிடித் தம்பி முப்பத்திநாலு நாளும் ஒரு நூலு எறங்காம நின்னுச்சு? நீங்க குச்சியே விடல. முந்துன நாளு எழுதுனதப் பாத்து எழுதியிருக்கீக."

ஒச்சம்மாளுக்கு எண் தெரியாது, எழுத்துத் தெரியாது. ஆனால் சௌந்தரின் முகம் வெளுத்தது தெரிந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள், யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

அந்த நேரம் டாக்டரம்மா உள்ளே வந்தார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கம் திருப்பியதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சௌந்தரிடம் இங்கிலீஷில் ஒன்று கேட்டார். அவன் தமிழிலேயே பதில் சொன்னான். எதற்காகவோ முருகலட்சுமியைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரு திங்கக்கிழமை வந்து மூடியைத் தொறந்தேன். பொகை வரல."

எல்லாக் குப்பியையும் அவசரமாகப் புதுக் கேனுக்கு மாற்றினானாம். ஒருவேளை பிழைத்திருக்கும் என்று நினைத்தானாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

பொகை வரல என்ற சொல் முருகலட்சுமியை எங்கோ குத்தியது. குத்திய இடத்தைப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை, கோபம் முன்னால் நின்றது.

அந்தக் கேனில் வேறு எத்தனை பேருடைய சதை இருந்தது என்று கேட்டாள். பதினோரு பேர் என்றார் டாக்டரம்மா. அவர்களுக்கும் வீக் என்றுதான் சொல்லியிருக்கிறதா? டாக்டரம்மா சௌந்தரைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். பதினோரு வீட்டில் பதினோரு பெண்கள், எங்கள் உடம்பே மட்டம் என்று நினைத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டார், எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் கண் கலங்கியது நிசம்தான். கலங்கட்டும் என்று முருகலட்சுமி விட்டுவிட்டாள்.

"எனக்கு எழுதிக் குடுங்க," என்றாள். "இவுக கையால. தமிழ்ல. என் சதையில குத்தம் இல்ல, கேனு காஞ்சிருந்துச்சு, தெரிஞ்சே மாத்திச் சொன்னேன்னு."

சௌந்தர் ஆஸ்பத்திரித் தாளில் எழுதினான். எழுதி முடித்து நீட்டியபோது ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"வாசிக்கச் சொல்லு முருகு. எனக்கு எழுத்துத் தெரியாது, காது தெரியும்."

அவன் வாசித்தான். சத்தமாக வாசிக்கச் சொன்னாள் ஒச்சம்மாள். மறுபடி சத்தமாக வாசித்தான். வாசலில் நின்ற நர்சுகளுக்கும் கேட்டது.

எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிற ஆள் இல்லை முருகலட்சுமி. இடது தொடைக்குத் தேதி வாங்கிக்கொண்டாள். வாராவாரம் குச்சி விட்டு, அதைப் போட்டோ எடுத்துத் தன் போனுக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். டாக்டரம்மா சரி என்றார். ஜெயித்துவிட்டு வெளியே வந்தாள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அடங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. யார் மேல் இன்னும் கோபம் என்று பார்த்தாள், ஆள் பிடிபடவில்லை.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஒச்சம்மாள் ஜன்னல் ஓரம். வெள்ளரிப் பிஞ்சு வாங்கியிருந்தாள், ஒடித்துப் பாதியை நீட்டினாள். அவளுக்கு அன்றைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டாய் என்று முருகலட்சுமியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நமக்காவது வாயி இருக்கு, கேட்டோம். என் செவலைக்கு வாயி ஏது. மலட்டு மாடுன்னு பேரு வாங்கிட்டுல்ல அடிமாட்டு லாரியில ஏறுச்சு."

முருகலட்சுமியின் கையில் வெள்ளரிப் பிஞ்சு அப்படியே இருந்தது. முன்பு குத்திய இடம் எது என்று இப்போது தெரிந்தது.

மூன்று வருசத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு சித்திரை. அவளுடைய பழைய கேனின் கழுத்து வேர்த்துக்கொண்டிருந்தது. புதுக் கேன் வாங்கலாம் வாங்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அப்போதெல்லாம் தவறாமல் குச்சி விடுகிற பழக்கமும் கிடையாது. ஒரு வியாழக்கிழமை ஒச்சம்மாளின் செவலை கத்தியது. போய் ஊசி போட்டாள். வேறு ஆள் இரண்டு முறை போட்டும் சினை நிற்காத மாடு, மூன்றாவது ஊசி அவளுடையது. திங்கட்கிழமை மூடியைத் திறந்தாள். புகை வரவில்லை. குச்சி விட்டாள். எடுத்து வீசினாள், மறுபடி வீசினாள். குச்சி கறுப்பாகவே இருந்தது. வியாழக்கிழமை அவசரத்தில் புகை வந்ததா என்று அவள் பார்க்கவில்லை, ஆனால் இப்படிக் காய்ந்து கிடந்தால் அன்றைக்கே காய்ந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இருபத்தொரு நாள் கழித்துச் செவலை மறுபடி கத்தியபோது ஒச்சம்மாள் வந்து கேட்டாள், கோளாறு மாட்டிலா ஊசியிலா என்று. உள்ளதைச் சொன்னால் டீக்கடையில் சிரிப்பார்கள், பொம்பளை கேனைக் காயவிட்டாள் என்பார்கள், வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். முருகலட்சுமி மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு, மாட்டில்தான் என்றாள், கருப்பை பலமில்லை என்றாள். மலட்டு மாட்டுக்குத் தீவனம் போட ஒச்சம்மாளால் ஆகவில்லை. லாரி வந்த அன்று முருகலட்சுமி வேண்டுமென்றே வீரசோழன் கிராமத்துப் பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்துதான் திங்கட்கிழமைக் குச்சி.

சௌந்தர் பார்த்தது மேசையை. அவள் பார்த்தது மாட்டின் வாலை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆஸ்பத்திரியில் அடங்காமல் மிச்சமிருந்த கோபம் யார் மேல் என்று இப்போது தெரிந்துவிட்டது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பையில் அவன் எழுதிக் கொடுத்த தாள் வேறு, கனத்துக் கிடந்தது.

பாதி வழியில் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மதினி, செவலை மலடு இல்ல. அன்னைக்கு என் கேனு காஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாட்டுமேல போட்டேன்."

ஒச்சம்மாள் கடித்துக்கொண்டிருந்ததை முழுங்கினாள். மிச்சத்தை ஜன்னல் வழியாகப் போட்டாள். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், முகம் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அருப்புக்கோட்டையில் தனித்தனியாக இறங்கினார்கள். எம்.ரெட்டியபட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. நாலு மணி பஸ், டவுனுக்கு வந்த ஊர்ச்சனம் பாதி உள்ளே இருந்தது. தவிட்டு மூட்டையோடு இருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லாரும் முருகலட்சுமிக்குப் போன் போடுகிறவர்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் உட்கார்ந்தாள். ஒச்சம்மாள் உட்காரவில்லை, எதிரே வந்து நின்றாள்.

"அவன்ட்ட எழுதி வாங்குனேல்ல. எனக்கும் எழுதிக் குடு."

முருகலட்சுமி அவளைப் பார்த்தாள். சமாதானமாகப் போவதற்கு அந்த முகத்தில் ஒரு மூலையும் இல்லை. பையிலிருந்து ஊசிச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள், ஒவ்வொரு மாட்டுக்கும் தேதி எழுதிக் கிழித்துக் கொடுக்கிற புத்தகம். ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதினாள். கையெழுத்துப் போட்டு, கிழித்து, நீட்டினாள்.

ஒச்சம்மாள் வாங்கவில்லை.

"வாசி."

"வீட்டுல வந்து வாசிக்கிறேன் மதினி."

"அந்தப் பயல அங்கனயேதான வாசிக்க வச்சோம். நீயும் இங்கனயே வாசி."

முருகலட்சுமி வாசித்தாள். ஒச்சம்மாளின் செவலைப் பசு மலடு இல்லை. கோளாறு என் கேனில். கேன் காய்ந்திருந்தது தெரிந்தும் மாட்டின் மேல் பழி போட்டேன். இப்படிக்கு முருகலட்சுமி, எம்.ரெட்டியபட்டி.

சத்தம் வெளியே வரவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கும், அதற்கு மேல் இல்லை. சத்தம் கூட்டினால் நனையும் என்று அவளுக்குத் தெரியும். ஒச்சம்மாளுக்கும் தெரியும், அந்த பஸ்ஸில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒச்சம்மாள் சீட்டை வாங்கி, மடிக்காமல், திருப்பி அவள் கையிலேயே வைத்தாள்.

"எந்திரிச்சு நின்னு வாசி. பின்னால உள்ளவுகளுக்குக் கேக்கல."

முருகலட்சுமி எழுந்தாள். பின்பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து வாசித்தாள், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி.